புதுச்சேரியில் தனியாக ஒரு நாள்: எப்படிக் கழிக்கலாம்?

கேள்வி: ஈரோட்டு வாசகி

அனைவருக்கும் வணக்கம். தை மாதக் கடைசியில், ஒரு புதன்கிழமை, விழுப்புரத்தில் எங்கள் உறவினர் வீட்டுத் திருமணம் நடக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில்தான் எனக்கு ஊருக்குத் திரும்ப ரயில். இடையில் உள்ள வியாழக்கிழமையைப் புதுச்சேரியில் தனியாகக் கழிக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

எனக்கு வயது 58. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் 31 ஆண்டுகள் கணக்கு எழுதிவிட்டுச் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். புதுச்சேரிக்கு முன்பு இரண்டு முறை வந்திருக்கிறேன். இரண்டு முறையும் வேனில் பதினைந்து பேருடன் வந்ததால், ஓர் இடத்தில் இறங்கிச் செருப்பை மாட்டுவதற்குள் "ஏறுங்கள், நேரமாகிவிட்டது" என்ற குரல் கேட்டுவிடும். காந்தி சிலைக்கு அருகில் கடலைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார வேண்டும் என்று அன்று எழுந்த ஆசை இன்றும் அப்படியே இருக்கிறது.

என் மகள் ஆரோவிலுக்குப் போகச் சொல்கிறாள், தங்கையோ படகுத் துறைக்குப் போகச் சொல்கிறாள். எனக்கு இரண்டிலும் நாட்டமில்லை. ஊருக்குள்ளேயே நடந்து பார்க்க விரும்புகிறேன். ஆனால் இடது முழங்காலில் வலி இருப்பதால் ஒரே மூச்சில் அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க இயலாது. எந்த வரிசையில் நடந்தால் அலைச்சல் குறையும், நண்பகல் வெயிலை எங்கே கழிக்கலாம், இருட்டிய பிறகு கடற்கரையில் ஒரு பெண் தனியாக உட்காரலாமா என்பவற்றை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். இன்னொன்றையும் தயங்காமல் கேட்டுவிடுகிறேன்: உணவகத்தில் தனியாக உட்கார்ந்து நான் இதுவரை ஒரு வேளைகூட முழுச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. அந்தக் கூச்சத்தை எப்படிக் கடப்பது?

பதில் 1: முத்தியால்பேட்டைவாசி

அம்மா, வணக்கம். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் முத்தியால்பேட்டையில். வெளியூரிலிருந்து வருபவர்கள் காலை பத்து மணிக்கு ஊர் சுற்றத் தொடங்கி, வெயிலில் வதங்கி, ஊர் அழகாகத் தொடங்கும் மாலை நான்கு மணிக்குக் களைத்துப்போய் உட்கார்ந்துவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆகவே என் முதல் வேண்டுகோள், திருமணம் முடிந்ததும் புதன்கிழமை இரவே இங்கு வந்து தங்கிவிடுங்கள் என்பதுதான். விழுப்புரத்திலிருந்து பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். கடற்கரைக்கு நடந்து போகும் தொலைவில் அறை எடுத்தால் பையைச் சுமக்க வேண்டியதில்லை, நண்பகலில் படுத்து எழவும் இடம் இருக்கும்.

கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை மணி வரை வாகனங்களை விடுவதில்லை. தை மாதத்தில் ஆறரை மணியளவில் சூரியன் கடலிலிருந்து எழும். ஆறு மணிக்கே தெற்கு முனையில் உள்ள துய்ப்ளேக்ஸ் சிலைக்கு ஓர் ஆட்டோவில் போய் இறங்கிக்கொண்டு, அங்கிருந்து வடக்கே மெதுவாக நடந்து வாருங்கள். முழுச் சாலையும் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்தான். வழி நெடுக உட்கார இடம் உண்டு. முதலில் வரும் பெரிய வெள்ளைக் கட்டடம் மேரி எனப்படும் பழைய நகரமன்றம். அது 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தபோது எங்கள் வீட்டில் துக்கம் போலவே இருந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டி 2021இல் திறந்தார்கள். அதைத் தாண்டினால், செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலையும், 1836இல் முதன்முதலாக விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கமும், முதல் உலகப் போரில் இறந்த வீரர்களுக்காக 1938இல் எழுப்பிய நினைவுச் சின்னமும் அடுத்தடுத்து வரும். நீங்கள் கேட்ட அந்தக் கால் மணி நேரத்தை இங்கே ஒரு மணி நேரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் முன்பு வந்தபோது கரை முழுவதும் கருங்கற்களை மட்டுமே பார்த்திருப்பீர்கள். அதன் காரணத்தைச் சொல்லாமல் இந்தக் கடலைக் காட்ட எனக்கு மனம் வராது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். 1989இல் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு அந்த மணல் தெற்கிலேயே தேங்கிவிட்டது. வடக்கே உள்ள எங்கள் கரைக்குப் புதிய மணல் வராமல், இருந்த மணலையும் கடல் அரித்துக்கொண்டு போனது. மிஞ்சிய நிலத்தைக் காக்கக் கற்களைக் கொட்டினார்கள். என் தந்தை விளையாடிய மணற்பரப்பை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்ததே இல்லை. 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் ஓர் எஃகுத் தடுப்பை அமைத்த பிறகு, சாலையின் வடபகுதியில் மீண்டும் மணல் சேர்ந்தது. அந்த மணலில் நின்று பாருங்கள். ஆனால் கடலில் இறங்க வேண்டாம். உள்ளிழுப்பு அதிகம், ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. ஈரக் கற்களின் மேலும் ஏற வேண்டாம்.

எட்டு மணிக்குப் பலகாரம் முடித்துவிட்டு, பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த வெள்ளை நகர வீதிகளுக்குள் வாருங்கள். தெற்கு வடக்காக ஓடும் துமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி போன்றவற்றில் காலையில் கிழக்குப் பக்கத்து வீடுகளின் நிழல் பாதி வீதி வரை விழும். அந்த ஓரமாகவே நடந்தால் பத்து மணி வரை வெயில் தெரியாது. மஞ்சள் சுவர்கள், அவற்றின் மேல் சரிந்து கிடக்கும் காகிதப்பூக் கொடிகள், பிரெஞ்சிலும் தமிழிலும் பெயர் எழுதிய நீலப் பலகைகள் ஆகியவை வேனிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும். நடந்தால் ஒவ்வொரு வாசலும் வேறாகத் தெரியும். துமாஸ் வீதியில் 1855இல் கட்டி முடித்த தேவ தூதர்களின் அன்னை ஆலயம் இருக்கிறது. கப்புச்சின் துறவிகளின் நினைவாக நாங்கள் அதைக் கப்ஸ் கோயில் என்போம். அங்கிருந்து வடக்கே வந்தால் மணக்குள விநாயகர் கோயிலும், அதன் அருகிலேயே அரவிந்தர் ஆசிரமமும் வரும். ஆசிரமத்தில் சமாதியைச் சுற்றி யாரும் பேசுவதில்லை. தனியாக வந்தவர் எவ்வளவு நேரம் அமர்ந்திருந்தாலும் எவரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

பதினோரு மணிக்கு மேல் பாரதி பூங்காவின் மர நிழலுக்கு வந்துவிடுங்கள். நடுவே இருக்கும் வெள்ளை ஆயி மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது. தன் மாளிகையை இடித்து ஊருக்குக் குளம் வெட்டியதாகச் சொல்லப்படும் ஆயி என்ற தாசியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. முத்திரைப்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்ததன் நினைவுச் சின்னமும் அதுதான். ஒரு பெண்ணின் பெயரில் நிற்கும் அந்த மண்டபமே இன்று புதுச்சேரி அரசின் இலச்சினையில் இருக்கிறது. பூங்காவை ஒட்டி அருங்காட்சியகமும், 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகமும் இருப்பதால் நண்பகலை அங்கேயே கழிக்கலாம். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நீங்கள் வியாழக்கிழமை வருவது நல்லது.

பதில் 2: மதுரை நடைப்பயணி

அக்கா, நான் பத்து ஆண்டுகளாகத் தனியாகப் பயணம் செய்கிறேன். நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதைக் கேட்கத் தயங்கியே பல பெண்கள் வாழைப்பழமும் பிஸ்கட்டும் சாப்பிட்டு நாளை ஓட்டிவிடுகிறார்கள்.

மதியம் பன்னிரண்டு மணிக்கே உணவகத்துக்குப் போய்விடுங்கள். கூட்டம் சேர்வதற்கு முன்பு போனால் விரும்பிய மேசை கிடைக்கும். ஒருவருக்காக நால்வர் மேசையை அடைத்துக்கொண்டோம் என்ற உறுத்தலும் இராது. வாசலைப் பார்த்த இருக்கையில் உட்காருங்கள். மனிதர்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தால், நம்மை யாராவது பார்க்கிறார்களா என்ற எண்ணம் தானாகவே விலகிவிடும். "எத்தனை பேர்?" என்று கேட்டால் "ஒருவர்" என்று மட்டும் சொல்லுங்கள், ஏன் தனியாக வந்தீர்கள் என்பதற்கு நீங்கள் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை. காலையிலேயே பழகிக்கொள்ள விரும்பினால் நேரு வீதியில் உள்ள இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபியுடன் தொடங்குங்கள். தனியாக வந்து நாளிதழ் படிப்பவர்களை அங்கே பார்க்கலாம். முதல் வேளைதான் கடினம், இரண்டாவது வேளையில் பரிமாறுபவரிடம் நீங்களே ரசம் கேட்டு வாங்குவீர்கள்.

வேறு சில நடைமுறைச் செய்திகளையும் சொல்கிறேன். கழிப்பறை வசதியை நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டாம். அறை அருகில் இருப்பது இதற்கும் உதவும், உணவகத்தை விட்டுக் கிளம்பும்போதும் பயன்படுத்திக்கொள்ளலாம். வீட்டாரிடம் மதியம் இரண்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் பேசுவதாக முன்பே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் கவலை குறையும், உங்கள் கைப்பேசியும் நாள் முழுவதும் அழைக்காது. அறையின் முகவரியைத் தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலைக் கடற்கரையைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. வார இறுதி இரவுகளில் வெளியூர்க் கூட்டமும் மதுவும் சேர்ந்துவிடுவதால் நானே அப்போது அங்கே நேரம் கடந்து உட்காரமாட்டேன். வியாழக்கிழமை அப்படி இராது. காந்தி சிலைக்கும் தலைமைச் செயலகத்துக்கும் இடையில் விளக்கு வெளிச்சத்தில், குழந்தைகளுடன் குடும்பங்கள் அமர்ந்திருக்கும் பக்கமாக இருந்தால் எட்டரை மணி வரைகூட நிம்மதியாக இருக்கலாம். ஆளில்லாத முனைகளுக்கும், கற்களுக்குக் கீழே உள்ள இருட்டான பகுதிக்கும் மட்டும் போக வேண்டாம்.

பதில் 3: காரைக்கால் ஆசிரியர்

சகோதரிக்கு வணக்கம். முத்தியால்பேட்டை நண்பர் சொன்ன காலை நேரத் திட்டத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வெள்ளை நகரத்தின் மேற்கு எல்லையான பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மட்டும் நடந்துவிட்டு ஒருவர் புதுச்சேரியைப் பார்த்துவிட்டதாக ஊர் திரும்புவதை என்னால் ஏற்க இயலவில்லை. நான் 34 ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் தமிழர் பகுதிக்கு உங்கள் நாளில் பாதியைக் கொடுங்கள்.

அங்கே வைசியாள் வீதி என்று ஒன்று இருக்கிறது. தெருவை நோக்கிய திண்ணையும், மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரமும், உள்ளே முற்றமுமாக இருந்த தமிழ் வீடுகள் பிரெஞ்சுக் கட்டடக் கலையோடு உறவாடி, கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் ஐரோப்பிய முறையிலும் அமைந்ததை அந்த ஒரே வீதியில் வரிசையாகக் காணலாம். அவ்வீதியின் முகப்புகளைச் சீரமைத்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. திண்ணையும் தாழ்வாரமும் தெருவில் நடப்பவருக்காகவே கட்டப்பட்டவை. உங்களைப் போல முழங்கால் வலியோடு நடப்பவருக்கு அதன் பொருள் உடனே விளங்கும்.

அங்கிருந்து சிறிது தொலைவில் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கிறது. ஆங்கிலேய அரசின் பிடியிலிருந்து தப்பி 1908இல் இங்கு வந்த அவர் பத்தாண்டுகள் இந்த ஊரில் இருந்தார். பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் இங்கு எழுதப்பட்டவை. 1918 நவம்பரில் ஊரைவிட்டுக் கிளம்பியதும் கடலூரில் கைது செய்யப்பட்டார். ஆங்கிலேய எல்லை எவ்வளவு அருகில் இருந்தது என்பதையும், பத்தாண்டுகள் அந்த எல்லையைத் தாண்ட முடியாமல் ஒரு கவிஞர் இந்தச் சில வீதிகளுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார் என்பதையும் அவ்வீட்டின் முன் நின்று நினைத்துப் பாருங்கள். நீங்களும் அதே வீதிகளில்தான் தனியாக நடக்கப் போகிறீர்கள். பாரதிதாசனின் வீடும் பெருமாள் கோயில் வீதியில் நினைவகமாக இருக்கிறது.

பெரிய மார்க்கெட்டை ஒட்டிய ரங்கப்பிள்ளை வீதியில், ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையை வெளியிலிருந்தாவது பார்த்துவிடுங்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் தலைமைத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த அவர் 1736 முதல் 1761 வரை நாள்தோறும் கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதிவைத்தார். ஆங்கிலேயர் 1761இல் நகரைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினர். பிள்ளை அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் காலமானார். ஆகவே நீங்கள் இன்று காணும் வெள்ளை நகரத்தின் பெரும்பகுதி அந்த அழிவுக்குப் பிறகு எழுந்தது. மிஷன் வீதியில் நாங்கள் சம்பா கோயில் என்றழைக்கும் பேராலயமும் 1791இல் முடிந்த கட்டடமே.

நேரம் இருந்தால் அரிக்கமேட்டுக்கும் போய்வாருங்கள். 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் அகழ்ந்து ரோமானிய வணிகத்தின் தடயங்களை வெளிப்படுத்திய இடம் அது.

பதில் 4: முத்தியால்பேட்டைவாசி

ஐயா சொல்வது சரி. வாய்க்காலுக்கு மேற்கே நான் போதிய அளவு எழுதவில்லை. பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் அந்த வீதிகளை வைத்துக்கொள்ளலாம். வைசியாள் வீதி கிழக்கு மேற்காக ஓடுவதால் மாலை வெயில் முகத்தில் அடிக்கும். ஒரு குடை இருக்கட்டும். மார்க்கெட்டை மட்டும் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். பூக்கடைகளும் மீன் விற்கும் பெண்களின் பகுதியும் காலையில்தான் களைகட்டியிருக்கும்.

அரிக்கமேட்டைப் பொறுத்தவரை ஐயாவுடன் நான் உடன்படவில்லை. அங்கே இப்போது தோப்பும், பிற்காலத்தில் கட்டிய ஒரு கட்டடத்தின் இடிந்த சுவர்களும், ஆற்றங்கரையும்தான் இருக்கின்றன. ஆள் நடமாட்டம் குறைவு. ஒரே நாளில், தனியாக, முழங்கால் வலியுடன் வருபவர் அங்கே போவதைவிட, அங்கே கிடைத்த மதுச்சாடித் துண்டுகளையும் மணிகளையும் அருங்காட்சியகத்தில் நின்று நிதானமாகப் பார்ப்பதே நல்லது.

பதில் 5: ஈரோட்டு வாசகி

வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. நேற்று முன்தினம் போய்வந்தேன். உங்களுக்குச் சொல்லாமல் இருக்க மனமில்லை.

காலையில் ஆறு மணிக்குத் துய்ப்ளேக்ஸ் சிலையருகே இறங்கினேன். கிழக்கே மேகம் இருந்ததால் சூரியன் எழுவதைப் பார்க்க இயலவில்லை; ஏழு மணியளவில் மேகத்தின் விளிம்பு மட்டும் சிவந்தது. எனக்கு அதில் குறையே தோன்றவில்லை. காந்தி சிலைக்கு எதிரே ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடலின் நிறம் சாம்பலிலிருந்து பச்சைக்கு மாறிக்கொண்டே வருவதை முழுவதுமாகப் பார்த்தது என் வாழ்வில் அதுவே முதல் முறை. பிறகு வடக்கே போய் மணலில் நின்றேன். அந்த மணல் எப்படி வந்தது என்று தெரிந்திருந்ததால், காலுக்குக் கீழே அது இருப்பதே பெரிய செய்தியாகத் தோன்றியது.

உணவகத்தில் பன்னிரண்டு மணிக்கே போனேன். முதலில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், மூலையில் உட்காரச் சொன்னார்கள். ஜன்னலோரம் இடம் காலியாக இருந்ததால் "அங்கே உட்கார்ந்துகொள்கிறேன்" என்றேன். மறுப்பேதும் சொல்லவில்லை. மதுரைத் தங்கை சொன்னபடி வாசலைப் பார்த்துக்கொண்டு, அவசரமின்றி முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். ரசம் இரண்டு முறை கேட்டு வாங்கினேன்.

அருங்காட்சியகத்தில் நினைத்ததைவிட அதிக நேரம் ஆகிவிட்டது. உடைந்த சாடித் துண்டுகளுக்கு முன்னால் நான் இவ்வளவு நேரம் நிற்பேன் என்று வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். அறைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் படுத்துவிட்டு, நான்கு மணிக்கு வைசியாள் வீதிக்குப் போனேன். ஆசிரியர் ஐயா சொன்ன திண்ணையின் பொருள் எனக்கு உண்மையாகவே விளங்கியது. ஒரு வீட்டின் திண்ணையில் கால் வலிக்கு அமர்ந்தபோது, உள்ளிருந்து வந்த அம்மையார் யார் என்றுகூடக் கேட்காமல் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். பாரதியார் வீட்டை வெளியிலிருந்துதான் பார்த்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது மூடியிருந்தார்கள். வீதியின் எதிர்ப்பக்கம் நின்று மாடி ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகைக்கு நடக்கக் கால் இடம் தரவில்லை.

மாலை ஆறரை மணிக்கு மீண்டும் காந்தி சிலையருகே, காலையில் அமர்ந்த அதே இடத்தில் அமர்ந்தேன். எட்டு மணிக்கு மகள் அழைத்து, "என்னம்மா பார்த்தாய்?" என்று கேட்டாள். சொல்லத் தொடங்கி, அரை மணி நேரம் ஆகியும் நான் இன்னும் ஆயி மண்டபத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.